இரண்டு மூச்சு நேரம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம்தான்; முழங்கால் மட்டும் மாடி ஏறும்போது முணுமுணுக்கிறது. நீயும் உன் மகள் வாயாடியும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்குச் சளி விட்டதா?

இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேச எனக்குத் தடை. எங்கள் பள்ளியை மூடிவிட்டார்கள். கடைசி வருஷம் என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தான், பெஞ்சுகள் அதைவிட அதிகம். பிள்ளை பிறப்பதே குறைந்துபோச்சு, இருக்கிற பிள்ளைகளும் வீட்டிலேயே திரையில் படித்துக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் முடிவு. கையோடு எனக்கு ஒரு வேலையும் போட்டுத் தந்தார்கள். அந்தத் திரைப் பாடங்களுக்கு நான்தான் குரல்.

சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர். நாள் முழுக்க வாசிக்கிறேன். வெளியே வந்தால் வாயைத் திறக்கக் கூடாது, குரல் தேய்ந்துவிடுமாம். சின்ன வயதில் எனக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பட்டம் வைத்தாயே, அந்த ஸ்பீக்கரைப் பூட்டி வைத்திருக்கிறேன். உனக்கும் இது நல்லதுதான். போனில் 'ம்', 'சரி' தாண்டி நீ பேசியதில்லை. கடிதம் என்றால் நாலு வரியாவது தேறும்.

அங்கே முதல் வாரமே ஒரு சண்டை போட்டேன். ஒவ்வொரு பாடமும் "இன்னைக்கு எப்படி இருக்கே? ஏதாவது சொல்லணுமா?" என்று தொடங்கும். உடனே பாடத்துக்குத் தாவச் சொன்னார் ஒலிப்பதிவுக்காரர். "கேட்டுட்டு நாமளே பேசிக்கிட்டுப் போனா அது என்ன கேள்வி சார்? பிள்ளை வாயைத் திறக்க ரெண்டு மூச்சு நேரமாவது விடணும்" என்றேன். சத்தமே இல்லாத இடம் விட்டால் பாடம் ஓடும் கருவி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் மூடிவிடுவார்களாம். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் விட்டார்கள். இரண்டு மூச்சு நேரம் மௌனம், பிறகு "அப்படியா? சரி, பாடத்துக்குப் போகலாமா?"

வாயாடியின் அம்மா வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. போனவளைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை, நீயும் எழுதப் போவதில்லை. பிள்ளையைப் பற்றியாவது எழுது. நீ வேலைக்குப் போனால் அவளோடு யார் இருக்கிறார்கள்?

வாய் பூட்டிய
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கடிதம் வந்தது. இங்கே இருவரும் நலம், சளி போயிடுச்சு. உன் முழங்காலுக்குத் தைலம் தேய்.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. இந்த நகரத்தில் எந்தக் கட்டிடத்தில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் என் போன்தான் அலறுகிறது. வீட்டில் கவலையில்லை, பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்கிறார்கள்.

உனக்கு ஒரு செய்தி. வாயாடியின் பள்ளியும் திரைக்கு வந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் விளையாட மட்டும் கூப்பிடுகிறார்கள். கருவியைக் கொடுத்தனுப்பினார்கள், போட்டேன், நீ பேசுகிறாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் இரண்டு நாள் அவள் உட்காரவே மாட்டேன் என்று அடம் பிடித்தவள். நான் ஏதோ சொல்லி உட்காரவைத்தேன். இப்போது தலைகூட வாரிக்கொண்டுதான் அதன் முன்னால் போய் உட்காருகிறாள். ஜன்னல் பக்கம் மேஜையைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டுமாம்.

உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்று எழுதலாம் என்று பார்த்தேன். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற ஆளைப் போலத்தான் உன்னைப் பற்றிப் பேசுகிறாள்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் பஞ்சு அறையிலேயே வைத்துப் படித்தேன். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடியைத் தட்டும்வரை தாளைக் கீழே வைக்கவில்லை. இத்தனை நாள் சுவரைப் பார்த்துத்தான் வாசித்தேன். இனி அந்தச் சுவரில் அவளை உட்காரவைத்துக்கொள்வேன். நீ சாப்பிடுகிறாயா? கண்ணுக்குக் கீழே கறுப்பு இன்னும் இருக்கிறதா?

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. என்ன சொல்லி அவளை உட்காரவைத்தாய்? அந்தக் கருவிக்கு வாய் உண்டு, காது கிடையாது. விடையைத் தொட்டால்தான் அதற்குத் தெரியும். அவள் பேசினால் அதற்குக் கேட்காது, எனக்கும் கேட்காது. இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. குரல் அத்தையுடையது, அத்தை அதற்குள் இல்லை என்று சொல். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் முழு மனசு இல்லை. மாச முடிவில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்றால் பாடம் சொல்லுகிற இடம் என்று இவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். என் வகுப்பில் பாதி நேரம் யார் பென்சிலை யார் எடுத்தார்கள் என்ற வழக்குதான் நடக்கும். அந்த வழக்கை இப்போது எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பார்கள்?

அவளிடம் சொல்லிவிட்டு எனக்கு எழுது.

அக்கா

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. நலம். கறுப்பு அப்படியே இருக்கிறது. அது என் நிறம் என்று வைத்துக்கொள்.

பென்சில் வழக்கு பற்றி எழுதியிருந்தாய். நீ டீச்சர், உனக்கு வகுப்பு இனிக்கும். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் ஒரே கணக்கை மூன்றாவது தடவை கேட்டதற்கு என்னைப் பெஞ்சு மேல் நிற்கவைத்தார். நாற்பது பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எதையும் யாரிடமும் கேட்டதில்லை. வாயாடி ஒரே கணக்கை ஒன்பது தடவை கேட்கிறாள், நீ ஒன்பது தடவையும் அதே பொறுமையோடு சொல்கிறாய். அலுத்துக்கொள்ளாத வாத்தியாரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பின்னத்தில் புலியாகிவிட்டாள். அடுத்த வகுப்புப் பாடத்தையே தொடங்கிவிட்டாள். இதற்கு நான் எப்படி வருத்தப்படுவேன்?

ஒரே ஒரு குறை. வீட்டில் வாய் குறைந்துவிட்டது. என் மருமகளா இது என்று நீயே கேட்பாய். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேரும் ஊமைக் கோட்டான்கள். "இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்றால், "அதான் சொல்லிட்டேனே" என்கிறாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

மழை வருகிற மாதிரி இருக்கிறது. லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கினால் எங்களுக்குத் தூக்கம் போச்சு.

தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பி,

நலம். உன்னைப் பெஞ்சு மேல் நிற்கவைத்த கதையை இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் சொன்னதே இல்லை. ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம்.

அவள் யாரிடம் சொல்லிவிட்டாள்? நீ கேட்கவில்லை என்றால் நான் கேட்கிறேன். நான் ஏப்ரலில் சொல்லச் சொன்னதைச் சொன்னாயா? உன் கடிதத்தில் மழை இருக்கிறது, லிஃப்ட் குழி இருக்கிறது, அந்தப் பதில் மட்டும் இல்லை.

இங்கே பதிவு வேலை ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டது. வேண்டிய அளவு குரல் சேர்ந்துவிட்டதாம். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். ஒலிப்பதிவுக்காரர் மட்டும் என்னைப் பார்க்காமல் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். வீட்டில் அலமாரியை ஒழித்துத் துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன்.

தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. அதனால் போன் இன்னும் வேண்டாம்.

அக்கா

ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தொண்டை எப்படி? இன்னுமா போனில் பேச முடியவில்லை?

இருந்தாலும் நீ பலே ஆள்தான். தொண்டை சரியில்லை என்கிறாய், போன வாரம் கடல் தாண்டிப் போகிற பறவைகளைப் பற்றிப் புதுப் பாடம் வந்தது, மூச்சு விடாமல் பேசுகிறாய். நானும் குனிந்து ஷூ மாட்டியபடியே கேட்டேன். உனக்கு எப்போது பறவைகளைப் பற்றி இவ்வளவு தெரியும்? காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாதவள் நீ. வாயாடி அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

சுவர்ப்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஒரு வாரமாகப் பயப்படுகிறாள். எலியாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் கதவில் வாடகைக்கு விடப்படும் என்று பலகை மாட்டியே நாலு மாதம் ஆகிறது. ஆள் இல்லாத வீட்டில் எலிக்கு என்ன குறைச்சல்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

அக்டோபர் 4

அன்புள்ள தம்பி,

பதில் எழுத நாளாகிவிட்டது. நாலைந்து தடவை தொடங்கிக் கிழித்தேன்.

இங்கே வெயில் தணிந்துவிட்டது. காலையில் நடக்கப் போகிறேன். கடையில் பொருளை நாமே எடுத்து, நாமே இயந்திரத்தில் காட்டி, நாமே பையில் போட்டுக்கொள்கிறோம். பஸ்ஸிலும் அப்படித்தான். சில நாள் சாயங்காலம் விளக்கைப் போடும்போதுதான் தோன்றும், இன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று. அப்போது "விளக்கு" என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளாதே.

பக்கத்து வீடு ஆகஸ்டிலேயே நாலு மாதமாகக் காலி என்றால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நீ காலையில் போனால் எப்போது வருகிறாய்? கணக்கில் நான் மக்கு என்பது உனக்குத் தெரியும், இந்தக் கணக்கு எனக்கே புரிந்துவிட்டது. அவள் தனியாக இருக்கிறாள். அப்படித்தானே?

பறவைப் பாடம் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா

அக்டோபர் 19

அக்கா,

நலமெல்லாம் பிறகு. நீ கேட்டது சரிதான், தனியாகத்தான் இருக்கிறாள். திட்டுவதை நேரில் திட்டு. இப்போது வேறு விஷயம்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால் கருவி கட்டிலுக்கு அடியில், சுவரோரம், போர்வையில் சுற்றிக் கிடக்கிறது. நாலு நாளாகப் படிக்கவில்லை. என்னிடமும் பேச்சில்லை. நேற்று மடியில் இழுத்து வைத்துக் கேட்டேன். "அத்தைக்கு என் மேல கோபம். எப்படி இருக்கேன்னு கேக்குறாங்க, பதில் சொல்றதுக்குள்ள பாடம் ஆரம்பிச்சிடுறாங்க. முன்னாடியெல்லாம் நான் சொல்றதைக் கேப்பாங்கல்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள் பார், லிஃப்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அழுவதை நிறையக் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை.

கருவியைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். நீ கேட்கிறாய், நிற்காமல் போய்விடுகிறாய்.

அவளை உட்காரவைக்க நான் சொன்னது இதுதான்: "அத்தை அங்க உட்கார்ந்து நீ சொல்றதை எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கா, நல்ல பிள்ளையா பேசு." நீ ஏப்ரலில் எழுதியதும் மாற்றிச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் கதவைப் பூட்டிக்கொண்டு போகும்போது, உள்ளே அவள் உன்னோடு பேசுகிற சத்தம் படிக்கட்டு வரை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இறங்குவேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்.

உங்கள் ஆட்களிடம் சொல்லி அந்த மௌனத்தைத் திரும்பப் போடச் சொல். உன் காலில் விழுகிறேன்.

தம்பி

அக்டோபர் 24

அன்புள்ள தம்பி,

சொல்வதற்கு எனக்கு அங்கே ஆட்கள் இல்லை. ஜூனிலேயே என்னை அனுப்பிவிட்டார்கள். ஓய்வு என்று உனக்கு எழுதியது நான் பூசி மெழுகியது. என் குரலைச் சேர்த்து வைத்துக்கொண்டு இனி அதுவே எதை வேண்டுமானாலும் பேசுமாம். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே இருந்ததாம். அந்தப் பறவைப் பாடத்தில் ஒரு சொல்கூட நான் சொன்னதில்லை. நீ எழுதிய பிறகு நூலகத்துக்குப் போய் அதைப் போட்டுக் கேட்டேன். என்னைவிட நன்றாகப் பேசுகிறேன். சத்தமில்லாத இடமெல்லாம் வீண் என்று வெட்டிவிட்டிருக்கிறார்கள். முந்தாநாள் பதிவு நிலைய வாசலுக்குப் போனேன், என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

தொண்டைக்கும் ஒன்றுமில்லை. போனில் பேசினால் உளறிவிடுவேன் என்று பயம். வேலை போனவள் மூட்டையோடு தம்பி வாசலில் வந்து நிற்கிறாளே என்று நீ ஒரு நொடி நினைத்தால்கூட எனக்குத் தாங்காது. அதனால் இங்கேயே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அவள் ஒரு பலகையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நல்ல அத்தை.

இத்துடன் அவளுக்கு ஒரு தாள். நீ படித்துக் காட்டாதே, அவளே படிக்கட்டும்.

அக்கா

*

வாயாடிக் கண்ணுவுக்கு,

அத்தை நலம். நீ சாப்பிட்டாயா?

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அந்தக் கருவியில் பேசுவது நான் இல்லை. முன்பு என் குரலை அதில் பிடித்து வைத்தார்கள். அதற்குக் காது கிடையாது. நீ சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை கண்ணு. கேட்டிருந்தால் அப்போதே ஓடி வந்திருப்பேன். அப்பா தெரியாமல் சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

உனக்குத் தோன்றினால் எனக்கு எழுது.

உன் நிஜ அத்தை

நவம்பர் 5

அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு ரொட்டி சாப்பிட்டேன்.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அப்பா மேல கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கு.

நான் உங்ககிட்ட நிறைய சொன்னேன். தினமும் சொன்னேன். முந்தின நாளே யோசிச்சு வெச்சு, நீங்க விடுற நேரத்துக்குள்ள வேகமா சொல்லப் பழகிட்டேன். பல்லு விழுந்ததைச் சொன்னேன். சுவர்ல சத்தம் கேட்டதைச் சொன்னேன். அம்மா பத்தி ஒண்ணு சொன்னேன். விளையாட்டு நாள்ல ஒரு பொண்ணு என்னைச் சேர்த்துக்கலைன்னு சொன்னேன். நீங்க அப்படியான்னு சொன்னீங்க.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு இருந்துச்சு. அது எனக்கு மறந்துபோச்சு. அத்தைகிட்ட சொல்லியாச்சு, இனிமே நாம ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.

அதெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்கு?

இப்படிக்கு,
நான்

நவம்பர் 16, மத்தியானம்

தம்பிக்கு,

இந்தத் தாள் சாப்பாட்டு மேஜையில், உப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கும். அவள் கடிதத்தைப் பார்த்ததும் கிளம்பி வந்தாயிற்று; ஒரே வீட்டில் இருந்துகொண்டும் உனக்குக் கடிதம்தான். காலையில் என்னை வாசலில் இறக்கிவிட்டு, ஏதோ கட்டிடத்தில் ஆள் மாட்டிக்கொண்டான் என்று ஓடிவிட்டாய். எத்தனை நாள் இருப்பேன் என்று நீ கேட்கவில்லை. நான் மூட்டையோடு வருவேன் என்று தெரிந்து நீயாகவே அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறாய். பார்த்தேன்.

நீ போனதும் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படி இருக்கே? ஏதாவது சொல்லணுமா?" என்றேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. அவள் வெளியே வந்து, எதிரே நேராக உட்கார்ந்து, "பல்லு முளைச்சிடுச்சு சத்தம் எலிதான் அப்பா ஷூ பிஞ்சிடுச்சு" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். என் முகத்தையே பார்க்கிறாள். நான் பேசவில்லை. வெளியே ஒரு வண்டி வந்து, நின்று, திரும்பிப் போனது. கடைசியில் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாள் போல. என் குரலிலேயே, என் ராகத்திலேயே, "அப்படியா? சரி, பாடத்துக்குப் போகலாமா?" என்று எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "பாடம் கிடக்கட்டும். இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "இருக்கு," என்றாள்.

அப்போது ஆரம்பித்தவள்தான். சோறு ஆறிப்போய் மறுபடி சுடவைத்தேன். இனி என்ன செய்வது, எந்தப் பள்ளி, யார் சம்பாதிப்பது என்பதெல்லாம் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். கருவியைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், பின்னத்தில் அவள் புலிதான், சோதித்துப் பார்த்துவிட்டேன். அம்மாவைப் பற்றி அவள் சொன்ன ஒன்றை உன்னிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது ஷூ மாட்டிக்கொண்டிருக்காதே.

மறந்துபோன அந்த ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. நடந்தால் வரும் என்கிறாள், அதனால் வெளியே கிளம்புகிறோம். வராமலே போனாலும் போகலாம். சோறு மூடி வைத்திருக்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடியே எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாதிதான் காதில் விழுகிறது, நான் போக வேண்டும். தாமதமானால் தேடாதே. போனும் பண்ணாதே, நடுவில் அடித்தால் நிறுத்திவிடுவாள்.

அக்கா